ராப் வரியும் சட்ட வரியும்: அமெரிக்க அரசியல்வாதிகள், ஹிப் ஹாப், இனப் பாகுபாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் மேடைகளில் ராப், அதாவது ஹிப் ஹாப்பில் தாளத்தோடு பேசுவதுபோல் பாடும் பாட்டு, ஒலிக்க ஆரம்பிக்கும். கறுப்பினத்தவர் படும் பாட்டைப் பேச வந்த தலைவர் ஒருவர் நடுவில் இரண்டு ராப் வரி சொல்வார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். அது அக்கறையா, ஓட்டுக்கான வேடமா? இதைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹிப் ஹாப் கொண்டாட்டப் பாட்டுதானே? அதற்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?

அது பிறந்த இடத்தைப் பாருங்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ம் எண் அடுக்கு மாடிக் குடியிருப்பு. சிண்டி கேம்ப்பெல் என்ற பள்ளி மாணவிக்குப் பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். தரைத்தளத்துப் பொது அறையில் ஒரு விருந்து ஏற்பாடு செய்தாள். சின்ன அட்டைகளில் கையாலேயே அழைப்பு எழுதினாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டது அவளுடைய அண்ணன் கிளைவ், ஊர் அறிந்த பெயரில் சொன்னால் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் கேட்கும் அந்தச் சில விநாடிகளில்தான் ஆடுகிறவர்கள் துள்ளுகிறார்கள் என்பதைக் கவனித்து, அந்தத் துண்டை மட்டும் இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டியவர் அவர்.

அந்த பிராங்ஸ் அப்போது எப்படி இருந்தது? ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி திட்டமிட்ட நெடுஞ்சாலை குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்திருந்தன. வேலைகள் போய்விட்டன, கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்தன. வசதி உள்ள வெள்ளையர்கள் கிளம்பிவிட, கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களும் அங்கேயே மிஞ்சினார்கள்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. அதே 1973-ல், மே மாதம், நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் போதைப்பொருள் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். சில அவுன்ஸ் வைத்திருந்தாலே குறைந்தது 15 ஆண்டு, மேலே போனால் ஆயுள். கொலைக்குக் கொடுக்கிற தண்டனை. அந்தச் சட்டத்தில் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும்தான். அந்தப் பாட்டும் இந்தச் சட்டமும் ஒரே மாநிலத்தில், ஒரே ஆண்டில் பிறந்தவை. அதனால்தான் அரசியல்வாதி ஒருவர் ராப் வரி சொன்னால், சட்டம் எழுதும் இடத்தில் அவர் என்ன செய்தார் என்று நான் உடனே தேடிப் பார்ப்பேன்.

அரசியல்வாதிகள் ஆரம்பத்திலிருந்தே ராப்பை அணைத்துக்கொண்டார்களா?

இல்லவே இல்லை. முதல் இருபது ஆண்டுகள் ராப்பைத் திட்டுவதுதான் ஓட்டு வாங்கும் வழியாக இருந்தது. 1989-ல் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் என்.டபிள்யூ.ஏ. குழு காவல்துறையைச் சாடிப் பாடியதற்காக, எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் அவர்களுடைய இசை நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். 1992-ல் துணை அதிபர் டான் குவேல், டூபாக் ஷகூரின் முதல் இசைத்தொகுப்புக்கு நம் சமூகத்தில் இடமில்லை என்கிற அளவுக்குப் போனார்.

எனக்கு அதிகம் உறுத்துவது அப்போது அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட பில் கிளின்டன் செய்தது. 1992 ஜூன் 3 அன்று, கறுப்பின இளைஞர்கள் விரும்பிப் பார்த்த ஆர்சினியோ ஹாலின் இரவு நிகழ்ச்சியில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சாக்ஸஃபோன் வாசித்தார். சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூன் 13 அன்று, கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் ரெயின்போ கூட்டணி மாநாட்டு மேடை. ஜாக்சன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கே கிளின்டன், சிஸ்டர் சோல்ஜா என்ற இளம் ராப் கலைஞரை, வெள்ளை இனவெறியரான டேவிட் டியூக்கோடு ஒப்பிட்டுப் பேசினார். ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டதும் லாஸ் ஏஞ்சலஸ் பற்றி எரிந்ததே, அதைப் பற்றி ஒரு பேட்டியில் சோல்ஜா சொன்ன கடுமையான வார்த்தைகள்தான் சாக்கு. அந்த வார்த்தைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கிளின்டன் பேசியது மாநாட்டில் இருந்தவர்களுக்காக அல்ல. கறுப்பினத்தவருக்கு நான் அடங்கிப் போகிறவன் இல்லை என்று வெளியே இருந்த வெள்ளை வாக்காளர்களுக்குக் காட்டினார். சொந்த ஆதரவாளர்களைக் கண்டித்து நடுநிலை வாக்காளர்களைக் கவர்கிற உத்திக்கு இன்றுவரை அமெரிக்காவில் அந்தப் பெண்ணின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 1994 செப்டம்பரில், அதே கிளின்டன் பெரிய குற்றவியல் சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறை கட்ட மாநிலங்களுக்குச் சுமார் 970 கோடி டாலர். மூன்றாவது கடுங்குற்றத்துக்கு ஆயுள். அந்தச் சட்டம் நிலைமையை மோசமாக்கியது என்று 2015-ல் அவரே ஒப்புக்கொண்டார். இருபத்தோரு ஆண்டு கழித்து.

கறுப்பின அரசியல்வாதிகளாவது ராப் பக்கம் நின்றார்களா?

அவர்களுக்குள்ளேயே பிளவு. 1994 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ராப் வரிகள் பற்றி விசாரணை நடந்தது. நடத்தியவர்களே கறுப்பினப் பெண்கள்: பிரதிநிதிகள் சபையில் கார்டிஸ் காலின்ஸ், செனட்டில் கரோல் மோஸ்லி பிரான். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன டிலோரஸ் டக்கர், பெண்களை இழிவுபடுத்தும் வரிகளுக்கு எதிராகக் கடுமையாகச் சாட்சியம் சொன்னார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பல பாட்டுகளில் பெண்களைப் பற்றி வருவதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

லாஸ் ஏஞ்சலஸ் உறுப்பினர் மேக்சின் வாட்டர்ஸ் எதிர்ப்பக்கம் நின்றார். இவர்கள் நம் பிள்ளைகள், தங்கள் வலியையும் பயத்தையும் சொல்ல ஒரு புதுக் கலையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். பாட்டைத் தடுத்தால் பாட்டில் வரும் தெரு மாறிவிடாது என்பதால் நான் வாட்டர்ஸ் பக்கம்.

ஒபாமா தோளைத் தட்டிவிட்டாரே, அது என்ன கதை?

2008 ஏப்ரல். முந்தைய நாள் இரவு ஹிலாரி கிளின்டனோடு நடந்த விவாதத்தில் ஒபாமாவைத் துளைத்து எடுத்திருந்தார்கள். மறுநாள் வட கரோலினாவின் ராலே நகரில் பேசும்போது அந்தத் தாக்குதல்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, தூசி தட்டுவதுபோல் இரண்டு தோள்களையும் விரல்களால் தட்டிவிட்டார். வாயிலிருந்து ஒரு ராப் வரி வரவில்லை. ராப் கலைஞர் ஜே-ஸீயின் பாட்டொன்றில் வரும் சைகை அது என்று தெரிந்தவர்கள் கூட்டத்தில் துள்ளிக் குதித்தார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வேட்பாளர் அலட்டிக்கொள்ளாமல் நின்றது மட்டும் தெரிந்தது. ஒரே அசைவு, இரண்டு கூட்டத்துக்கு இரண்டு அர்த்தம். கறுப்பினத்தவர் கோபமாக இருப்பதாகத் தெரிந்தாலே வெள்ளை வாக்காளர்கள் மிரண்டுவிடும் நாட்டில், அவருக்கு அந்த மொழி தேவைப்பட்டது.

அதிபரான பிறகு வெள்ளை மாளிகைக் கதவையும் திறந்துவிட்டார். 2011-ல் கவிதை நிகழ்ச்சிக்கு காமன் என்ற ராப் கலைஞரை அழைத்தபோது எதிர்க்கட்சியும் போலீஸ் சங்கமும் கூச்சல் போட்டன. அழைப்பு ரத்தாகவில்லை. 2015-ல் தனக்குப் பிடித்த பாட்டு எது என்ற கேள்விக்கு ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரின் பாட்டு ஒன்றைச் சொன்னார். அந்தப் பாட்டு இடம்பெற்ற தொகுப்பின் அட்டையில், வெள்ளை மாளிகை முன்னால் சட்டையில்லாத கறுப்பின ஆண்கள் கூட்டமாக நிற்பார்கள், காலடியில் ஒரு நீதிபதி விழுந்து கிடப்பார். அந்த லமாரே அதே மாளிகைக்குள், அதிபரின் அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

சரி, சட்டத்தில் ஏதாவது மாறியதா?

மாறியது, பாதி. 1986-ல் ஒரு சட்டம் வந்தது. கோகெய்ன் பொடியாக 500 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தால் என்ன தண்டனையோ, கிராக் என்ற கட்டி வடிவில் வெறும் 5 கிராம் வைத்திருந்தால் அதே தண்டனை: குறைந்தது ஐந்து ஆண்டு. இரண்டும் ஒரே பொருள். பொடி வசதியானவர்கள் இடத்தில் புழங்கியது, கிராக் ஏழைக் கறுப்பினப் பகுதிகளில். கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஐந்தில் நால்வருக்கும் மேல் கறுப்பினத்தவர். ராப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் தெருமுனையும் சமையலறையும் சிறைவாசமும் இந்த 5 கிராமின் கதைதான்.

2010 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த 100-க்கு 1 என்ற விகிதத்தை 18-க்கு 1 ஆகக் குறைத்தது. ஏன் 18? வேதியியல் காரணம் எதுவும் இல்லை, இரண்டு கட்சிகள் பேரம் பேசி வந்து நின்ற எண். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அது பொருந்தவும் இல்லை. அவர்கள் 2018 டிசம்பர் வரை காத்திருந்தார்கள்.

ராப் வரி சொல்லிவிட்டுச் சட்டமும் எழுதியவர் யாராவது உண்டா?

ஹக்கீம் ஜெஃப்ரிஸ். நியூயார்க்கின் புரூக்ளின்காரர், இப்போது பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சித் தலைவர். ராப் கலைஞர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற பிக்கி அவருடைய ஊர்க்காரர். 1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 24. இருபதாம் நினைவு நாளில் ஜெஃப்ரிஸ் சபையில் எழுந்து, பிக்கியின் புகழ்பெற்ற பாட்டின் தொடக்க வரிகளை அப்படியே சொன்னார். சுவரெல்லாம் ராப் படங்கள் ஒட்டிக் கனவு கண்ட ஒரு பையனைப் பற்றிய வரிகள் அவை. 2020 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையின்போது செனட்டில் வாதாடி முடிக்கும்போதும் பிக்கியின் ஒரு வரிதான் வந்தது.

இதற்காக மட்டும் அவரைப் பாராட்ட மாட்டேன். அவரும் ஜார்ஜியாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் டக் காலின்ஸும் சேர்ந்து கொண்டுவந்த சிறைச் சீர்திருத்தம்தான், செனட்டில் விரிவாகி, 2018 டிசம்பரில் டிரம்ப் கையெழுத்தோடு சட்டமானது. 2010-ன் விகிதக் குறைப்பு பழைய கைதிகளுக்கும் பொருந்தியது அதனால்தான். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினார்கள். அப்புறம், மிச்சமிருக்கும் 18-க்கு 1 என்பதை 1-க்கு 1 ஆக்கும் மசோதாவையும் ஜெஃப்ரிஸ் கொண்டுவந்தார். 2021 செப்டம்பரில் சபையில் 361 பேர் ஆதரவு, 66 பேர் எதிர்ப்பு. செனட்டில் அது அப்படியே கிடந்து காலாவதியானது.

ராப் பின்னணியிலிருந்தே அரசியலுக்கு வந்தவர்கள்?

எனக்குப் பிடித்தவர் நியூ ஜெர்சியின் நியூவர்க் நகர மேயர் ராஸ் பராக்கா. 1998-ல் வந்த பாடகி லாரின் ஹில்லின் தனித் தொகுப்பைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்: பாட்டுகளுக்கு நடுவே ஒரு வகுப்பறை வரும். காதல் என்றால் என்ன என்று ஆசிரியர் கேட்பார், பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள். அந்த ஆசிரியர் குரல் பராக்காவுடையது. அப்போது உண்மையிலேயே ஆசிரியராக இருந்தார். அப்பா கவிஞர் அமிரி பராக்கா. 1967-ல் நியூவர்க் கலவரத்தில் 26 பேர் இறந்தார்கள். அப்போது போலீஸ் அடித்ததில் ரத்தம் வழிய இழுத்துச் செல்லப்பட்டவர்களில் அமிரியும் ஒருவர்.

மகன் 2014-ல் மேயரானார். கறுப்பினத்தவர் அதிகம் வாழும் அந்த நகரத்தின் குடிநீரில் ஈயம் கலந்தது. அதை அவர் நிர்வாகம் ஆரம்பத்தில் சரியாக ஒப்புக்கொள்ளாமல் காலம் கடத்தியது, அதை மறைக்க முடியாது. ஆனால் வேலையைத் தொடங்கிய பிறகு, மூன்று ஆண்டுக்குள் சுமார் 23,000 ஈயக் குழாய்களை வீட்டுக்காரர்களிடம் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட 2020-ல் காவல்துறை நிதியில் 5 சதவீதத்தை எடுத்து வன்முறைத் தடுப்பு அலுவலகம் ஒன்றுக்கு ஒதுக்கினார்கள்.

அன்டோனியோ டெல்காடோவின் கதை வேறு மாதிரி. ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போனவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர், 2006-ல் ஒரு ராப் தொகுப்பும் வெளியிட்டார். 2018-ல் வெள்ளையர் பெரும்பான்மையான நியூயார்க் தொகுதியில் நின்றபோது, எதிரணி விளம்பரங்கள் படிப்பையெல்லாம் விட்டுவிட்டு ராப் வரிகளை மட்டும் எடுத்து ஒலிபரப்பின. உங்களில் ஒருவன் இல்லை இவன் என்று நிறத்தைச் சொல்லாமலே சொல்கிற வழி. ஜெயித்தது டெல்காடோ.

எதிர் உதாரணமும் உண்டு. டெட்ராய்ட்டின் க்வாமி கில்பாட்ரிக்கை ஹிப் ஹாப் மேயர் என்றே அழைத்தார்கள். ஊழல் வழக்கில் 28 ஆண்டு தண்டனை கிடைத்தது.

அரசியல்வாதிகள் கலைஞர்களைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது உண்மையா?

பல நேரம் உண்மை. ஆனால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2020 மே 29 இரவு, அட்லாண்டா. ஃபிளாய்ட் இறந்து நான்கு நாள். சி.என்.என். தலைமையகத்தின் கண்ணாடிகள் நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. மேயர் கெய்ஷா லான்ஸ் பாட்டம்ஸ் கூட்டிய செய்தியாளர் சந்திப்பில் கில்லர் மைக் என்ற ராப் கலைஞர் மைக் முன்னால் வருகிறார். கறுப்புச் சட்டையில், எசமானர்களைக் கொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறது. கண்ணீர் வழிகிறது. இங்கே வரவே எனக்கு இஷ்டமில்லை என்று ஆரம்பிக்கிறார். என் அப்பா இதே ஊரில் போலீஸ்காரர் என்கிறார். எதிரி மேலுள்ள கோபத்தில் சொந்த வீட்டைக் கொளுத்தாதீர்கள், அதைக் கோட்டையாக்குங்கள், பிடிக்காத அரசு வழக்கறிஞரை வாக்குச்சாவடியில் தோற்கடியுங்கள் என்கிறார். அதே மூச்சில், ஃபிளாய்டைப் பிடித்த நான்கு போலீஸ்காரர்கள் மீதும் வழக்குப் போட வேண்டும் என்றும் கேட்கிறார்.

மேயர் அவரைப் பயன்படுத்திக்கொண்டாரா? ஆமாம், நகரம் அமைதியாக வேண்டும் என்பதற்காகத்தான் அழைத்தார். ஆனால் அவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்க வந்த ஆளாக மைக் நிற்கவில்லை.

குடியரசுக் கட்சியினர் ராப் பக்கம் வருவதில்லையா?

வருகிறார்கள். 2020-ல் ராப் கலைஞர் ஐஸ் கியூப் கறுப்பின அமெரிக்கர்களுக்கான ஒப்பந்தம் என்று ஒரு கோரிக்கைப் பட்டியலை இரண்டு கட்சிகளிடமும் நீட்டினார். தேர்தல் முடியட்டும் என்றது பைடன் தரப்பு. டிரம்ப் தரப்பு உட்கார்ந்து பேசியது. கியூப் மேல் வசை மழை பொழிந்தார்கள். என்னைக் கேட்டால், கோரிக்கையோடு இரண்டு கதவையும் தட்டியதில் தப்பே இல்லை.

கமலா ஹாரிஸ்?

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் என்பதால் நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஹிப் ஹாப்பின் 50-ம் ஆண்டை 2023-ல் துணை அதிபர் இல்லத்திலேயே விழாவாக நடத்தினார். 2024 பிரசாரத்தில் அட்லாண்டா மேடையில் ராப் கலைஞர் மேகன் தீ ஸ்டேலியன் பாடினார். பிரசாரப் பாட்டு பியான்சேயுடையது, அதில் கென்ட்ரிக் லமாரின் குரலும் உண்டு. ஆனால் அவர் அரசு வழக்கறிஞராகப் பல்லாண்டு வேலை பார்த்தவர். ராப் கேட்கும் இளைஞர்கள் பலர் அந்தக் கணக்கை மறக்கவில்லை.

பாட்டையே நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்கிறார்களாமே?

ஆமாம், இன்று ஹிப் ஹாப் பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். நியூ ஜெர்சியில் ஒரு கொலை முயற்சி வழக்கு. குற்றம்சாட்டப்பட்டவரின் காரில் கிடைத்த ராப் வரிகளை, 13 பக்கம், குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் நடுவர் குழுவுக்கு (ஜூரி) வாசித்துக் காட்டினார்கள். பல வரிகள் சம்பவத்துக்கு நெடுநாள் முன்னால் எழுதியவை. 2014-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. பாப் மார்லி பாட்டில் பாடியதுபோல் உண்மையிலேயே ஷெரீஃபைச் சுட்டார் என்றோ, எட்கர் ஆலன் போ கதையில் எழுதியதுபோல் ஒருவரைத் தரைப்பலகைக்கு அடியில் புதைத்தார் என்றோ யாராவது நினைப்பார்களா என்று தீர்ப்பில் கேட்டார்கள்.

1990களில் கேரி ஃபிரைட் என்ற உளவியலாளர் செய்த சோதனையும் உண்டு. போலீஸ்காரரைச் சுடுவது பற்றிய ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டின் வரிகளை எடுத்தார். சிலரிடம் இது கன்ட்ரி பாட்டு என்றும், சிலரிடம் ராப் என்றும் சொல்லிக் கொடுத்தார். ராப் என்று நம்பியவர்களுக்கு அதே வரிகள் கூடுதல் ஆபத்தாகத் தெரிந்தன. ஓர் எழுத்துகூட மாறவில்லை. இன்னும் பல மாநிலங்களில் நடுவர் குழுவுக்கு அதே ராப் முத்திரையோடுதான் வரிகளைக் கொடுக்கிறார்கள்.

கலிஃபோர்னியா 2022-ல் இதற்குக் கடிவாளம் போட்டது: பாட்டு வரியைச் சாட்சியாக வைப்பதென்றால், நடுவர் குழு இல்லாத நேரத்தில், அது இனத் தப்பெண்ணத்தைக் கிளறுமா என்று நீதிபதி முதலில் பார்க்க வேண்டும். அதே ஆண்டு பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் ஹேங்க் ஜான்சன், ஜமால் போமன் இருவரும் நாடு முழுமைக்கும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2023-ல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை. ஆனால் 2021-ல் ஆகஸ்ட் 11-ஐ ஹிப் ஹாப் கொண்டாட்ட நாளாக அறிவிக்கும் தீர்மானம் செனட்டில் சிரமமில்லாமல் நிறைவேறியது.

தமிழில் இப்படி உண்டா?

இனத்துக்குப் பதில் சாதி. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கானா, ராப், ராக் மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றியது. பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சொல்லிலிருந்து வந்தது. ராப் பாடகர் அறிவு அங்கிருந்துதான் பரவலாகத் தெரிய வந்தார். ஆனால் அது கலைஞர்கள் தாங்களே கட்டிய மேடை, தேர்தல் மேடை இல்லை.

அந்த முதல் விருந்து நடந்த கட்டடம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, நூறு வீடுகளுக்கு மேல். 2007-ல் உரிமையாளர்கள் அதை வாடகைக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலிருந்து விடுவித்து விற்கப் பார்த்தார்கள். விற்றிருந்தால் குடியிருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேற வேண்டியதுதான். குடியிருப்பவர்கள் கூல் ஹெர்க்கை அழைத்தார்கள், செனட்டர் சக் ஷூமர் கூட நின்றார். ஹிப் ஹாப் பிறந்த இடம் என்ற அங்கீகாரம் அந்த ஆண்டு மாநில அரசிடமிருந்து வந்தது. ஆனாலும் கட்டடம் கைமாறியது, பராமரிப்பு மோசமானது, கடன் மூழ்கியது. கடைசியில் 2011 வாக்கில் மாநகராட்சியின் கடனுதவியோடு வேறொரு நிறுவனம் எடுத்து, வாடகை கட்டுப்படியாகும் வீடுகளாகவே வைத்துப் பழுதுபார்க்க ஒப்புக்கொண்டது.